பொதுவெளியில் ஒருவர் மன்னிப்பு கேட்கும்போது, அது மனசாரக் கேட்டதா என்று தெரிந்துகொள்ள முடியுமா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். பலருக்கும் தெரிந்த ஒருவர், தான் பேசிய பேச்சுக்காகக் காணொளியில் கண்கலங்கி மன்னிப்பு கேட்டிருக்கிறார். இரண்டு முறை பார்த்தும் உங்கள் மனதில் அது ஒட்டவில்லை. கூட இருந்தவர்களோ "அதான் மன்னிப்பு கேட்டாச்சே, இன்னும் என்ன வேணும்?" என்கிறார்கள். முகம், குரல், கண்ணீர் இவற்றை வைத்து ஒருவர் மனசாரக் கேட்கிறாரா, ஒப்புக்குக் கேட்கிறாரா என்று கண்டுபிடிக்க உளவியலில் வழி உண்டா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. எழுதாத ஒரு கேள்வியும் அதற்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது: நம்ப முடியாமல் இருப்பது என் கல்மனசா? நான் உளவியல் ஆலோசகர். இருபது வருடங்களுக்கு மேலாகக் குடும்பச் சண்டைகளிலும் பணியிடப் பிணக்குகளிலும் இரண்டு தரப்புக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். சில நிறுவனங்கள் வெளியிடவிருந்த மன்னிப்பு அறிக்கைகளை முன்கூட்டியே வாசித்துக் கருத்துச் சொன்னதும் உண்டு. படித்ததையும் பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு உறுதியான பதில் இருக்கிறது: முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பொய்யையும் உண்மையையும் மனிதர்கள் எவ்வளவு சரியாகப் பிரிக்கிறார்கள் என்று நடந்த இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2006-இல் ஒரு பகுப்பாய்வு வெளிவந்தது. கிடைத்த சராசரி சுமார் 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். இதில் தொழில் அனுபவமும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. என் எதிரில் உட்கார்ந்து கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, எழுதி வைத்ததை வாசிப்பது போல மன்னிப்பு கேட்டவர்கள் இருக்கிறார்கள். அதற்கு அடுத்த ஆறு மாதங்களில் அவர்கள் செய்ததைப் பார்த்தபோதுதான், அன்று அவர்கள் எவ்வளவு உடைந்துபோயிருந்தார்கள் என்று எனக்குப் புரிந்தது. தேம்பி அழுதுவிட்டு மறு வாரமே அதே தவறைச் செய்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய அழுகை நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பல நேரம் அது நிஜமான கண்ணீர்தான். எதற்காக வந்த கண்ணீர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இங்கே குற்ற உணர்வையும் அவமான உணர்வையும் பிரித்துப் பார்க்க வேண்டும். "நான் ஒரு தப்பு செய்துவிட்டேன்" என்பது குற்ற உணர்வு. "நானே தப்பான ஆள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே" என்பது அவமானம். முதலாவது மனிதரைப் பாதிக்கப்பட்டவர் பக்கம் திருப்புகிறது. போய்ப் பேசவும் சரிசெய்யவும் வைக்கிறது. இரண்டாவது தன் பக்கமே திருப்புகிறது. ஒளிந்துகொள்ளவோ, சீறவோ, பழியை வேறு யார் மீதாவது தள்ளவோ தோன்றும். உளவியலில் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கண்ட வேறுபாடு இது. பொதுவெளியில் மாட்டிக்கொண்ட ஒருவருக்கு இந்த இரண்டும் கலந்துதான் வரும், பெரும்பாலும் அவமானம்தான் முதலில் வரும். கேமரா முன் நாம் பார்க்கும் கண்ணீர் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது தன் பெயருக்காக அழும் அழுகையாகவும் இருக்கலாம். உங்கள் மனதில் ஒட்டாமல் போனது இதுவாக இருக்கலாம்.

முகம் உதவாது என்றால் எதைப் பார்ப்பது? நான் முதலில் வினைச்சொல்லைப் பார்ப்பேன். தமிழில் இது மிகத் தெளிவாகத் தெரியும். "கண்ணாடி உடைந்துவிட்டது" என்பதற்கும் "கண்ணாடியை உடைத்துவிட்டேன்" என்பதற்கும் உள்ள தூரத்தை மூன்று வயதுக் குழந்தைகூட அறிந்து வைத்திருக்கிறது. அடி விழும் என்று தெரிந்தால் அது எந்த வினையைத் தேர்ந்தெடுக்கும் என்று உங்களுக்கே தெரியும். "தவறு நேர்ந்துவிட்டது", "அசம்பாவிதம் நடந்துவிட்டது", "வாய் தவறி வந்துவிட்டது" என்று வரும் அறிக்கைகளில் செய்தவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். எல்லாம் மழை மாதிரி தானாகப் பெய்திருக்கும். "நான் இன்னாரைப் பற்றி இன்னது சொன்னேன், அது பொய், சொல்லும்போதே எனக்கு அது தெரியும்" என்ற வாக்கியத்தில் நழுவ இடமில்லை. ஒரு மன்னிப்பை எழுத உதவி கேட்டு வருபவரிடம், என்ன செய்தீர்கள் என்பதை எழுவாயும் செயப்படுபொருளும் வைத்து ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்வேன். பலருக்கு அந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. எழுதி முடித்த பிறகு சிலர் அழுவார்கள். அந்த அழுகையை நான் கூடுதலாக நம்புகிறேன்.

அடுத்தது 'வருத்தம்'. செய்தித்தாள்கள் "வருத்தம் தெரிவித்தார்" என்றும் "மன்னிப்பு கேட்டார்" என்றும் தனித்தனியாக எழுதுவது சும்மா இல்லை. யாரோ ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கும் நான் வருத்தப்படலாம். அதில் என் பொறுப்பு எதுவும் கிடையாது. ஆஸ்திரேலியாவில் பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து எடுத்துச் சென்ற வரலாற்றை 1997-இல் ஒரு விசாரணை அறிக்கை வெளிக்கொண்டுவந்து, மன்னிப்பு கேட்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்போதைய பிரதமர் ஜான் ஹோவர்ட் 1999-இல் நாடாளுமன்றத் தீர்மானத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் தரவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக மக்கள் மேலும் எட்டரை ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2008 பிப்ரவரி 13 அன்று புதிய பிரதமர் கெவின் ரட் அதே அவையில் அதைச் சொன்னார், ஒரு முறையல்ல, பல முறை. வெறும் வார்த்தைதானே என்று நினைப்பவர்கள், ஒரு தரப்பு அதை இவ்வளவு காலம் தர மறுத்ததையும் மற்ற தரப்பு இவ்வளவு காலம் விடாமல் கேட்டதையும் யோசித்துப் பார்க்க வேண்டும். வெறும் வார்த்தையாக இருந்தால் இரண்டுமே நடந்திருக்காது.

அப்புறம் "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்". நான் மிகவும் வெறுக்கும் வாக்கியம் இது. அந்த 'இருந்தால்' புண்பட்டதையே சந்தேகமாக்கிவிடுகிறது. 'யாருடைய' என்பது அடிபட்டவரை முகமற்றவராக ஆக்குகிறது. குற்றமோ பேசிய வாயிலிருந்து கேட்ட காதுக்கு மாறிவிடுகிறது. இப்படிப்பட்ட அரைகுறை மன்னிப்பு சும்மா இருப்பதைவிடத் தீங்கானது என்பதற்குச் சான்றும் இருக்கிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், சைக்கிள் மோதிக் காயமடைந்த பாதசாரியாகத் தங்களைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்லி, எதிர்த்தரப்பு தரும் இழப்பீட்டை ஏற்பீர்களா என்று கேட்டார்கள். மன்னிப்பே இல்லாதபோது 52 சதவீதம் பேர் ஏற்றார்கள். பொறுப்பை ஒப்புக்கொண்ட முழு மன்னிப்பு வந்தபோது 73 சதவீதம். "உங்களுக்கு அடிபட்டதற்கு வருந்துகிறேன்" என்று மட்டும் சொன்னபோது 35 சதவீதம். தொகை மூன்றிலும் ஒன்றுதான். காயம் பெரிதாகவும் தவறு அப்பட்டமாகவும் தெரிந்தபோது இந்த அரைகுறைப் பேச்சு இன்னும் மோசமாக வேலை செய்தது. பூசி மெழுகுகிறார்கள் என்று மனிதர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. பொய்யை முகத்தில் கண்டுபிடிக்கத் தெரியாத நமக்கு, மழுப்பலை வாக்கியத்தில் கண்டுபிடிக்க நன்றாகவே தெரிகிறது. உங்கள் உள்ளுணர்வை அதனால்தான் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

யாரை மையமாக வைத்துப் பேசுகிறார் என்பதையும் கவனியுங்கள். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்துப் பதினோரு தொழிலாளர்கள் இறந்தார்கள். எண்ணெய் நிறுவனமான பிபி-யின் தலைவர் டோனி ஹேவர்ட் வருத்தம் தெரிவித்த அதே மூச்சில், இது முடிந்து தன் வாழ்க்கை தனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர் பிறகு தனியாக மன்னிப்பு கேட்க வேண்டியதாயிற்று. அவருக்கு வருத்தமே இல்லை என்று நான் நினைக்கவில்லை. அன்று அவர் களைத்துப்போயிருந்தார், தன் துன்பம் மட்டும் அவருக்குத் தெரிந்தது. 2017 ஏப்ரலில் யுனைடெட் விமானத்திலிருந்து ஒரு பயணி தரதரவென்று இழுத்துச் செல்லப்பட்ட காணொளி பரவியபோது, நிறுவனத் தலைவரின் முதல் அறிக்கை பயணிகளை 'மாற்று ஏற்பாட்டுக்கு' உட்படுத்த நேர்ந்ததற்காக மன்னிப்பு கேட்டது. ஊழியர்களுக்குப் போன கடிதமோ அந்தப் பயணியைக் குறை சொன்னது. அடுத்த நாள்தான் முழுப் பொறுப்பையும் ஏற்கும் அறிக்கை வந்தது. கடைசி அறிக்கையை மட்டும் படித்தால் நல்ல மன்னிப்பு என்றே சொல்லலாம். ஆனால் முதல் இரண்டையும் படித்தவர்களுக்கு அது மனம் மாறி வந்ததாகத் தெரியவில்லை, அழுத்தத்தில் வந்ததாகத்தான் தெரிந்தது. வரிசையும் ஒரு செய்தி சொல்கிறது.

சரி, நல்ல மன்னிப்பு எப்படி இருக்கும் என்று ஏறக்குறைய எல்லாருக்கும் தெரிந்திருக்கும்போது ஏன் இவ்வளவு பேர் கெட்டதையே தருகிறார்கள்? தந்திரம் ஒரு காரணம்தான், ஆனால் அதுவே முழுக்காரணம் என்று நான் நம்பவில்லை. மன்னிப்பு கேட்க மறுப்பதே மனிதருக்கு ஒரு தெம்பைத் தருகிறது என்று 2013-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. மறுத்தவர்களுக்குத் தங்கள் கையில் அதிகாரம் இருக்கும் உணர்வும் சுயமதிப்பும் கூடியிருந்தன. கேட்பது என்றால் எதிராளியின் கையில் நம்மை ஒப்படைப்பது. அவர் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம். அந்த நிலையைத் தாங்க முடியாதவர்கள்தான் 'இருந்தால்', 'ஆனாலும்' என்று கைப்பிடிகளைத் தேடுகிறார்கள். நிறுவனங்களுக்கு வழக்கு பற்றிய பயமும் சேர்ந்துவிடுகிறது. 2008-இல் கனடாவில் மேப்பிள் லீஃப் நிறுவனத்தின் இறைச்சியில் லிஸ்டீரியா கிருமி பரவி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அதன் தலைவர் மைக்கேல் மெக்கெய்ன் தானே கேமரா முன் வந்து பொறுப்பேற்றார். இந்த நேரத்தில் வழக்கறிஞர் பேச்சையும் கணக்கர் பேச்சையும் கேட்கப்போவதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். மக்கள் அந்த மன்னிப்பை இன்றும் நினைவில் வைத்திருக்க அந்த வரி ஒரு காரணம். தனக்கு நஷ்டம் வரலாம் என்று தெரிந்தே பேசுகிறார் என்பது கேட்டவர்களுக்குப் புரிந்தது.

நான் அதிகம் நம்பும் அடையாளமும் இதுதான். மன்னிப்புக்கு ஒரு விலை இருக்க வேண்டும். ஜப்பானில் நடந்த ஆய்வுகளில், கேட்பவர் தனக்குச் சிறு இழப்பையோ சிரமத்தையோ ஏற்றுக்கொண்டு கேட்கும் மன்னிப்பைத்தான் மனிதர்கள் உண்மையானது என்று எடுத்துக்கொண்டார்கள். பேச்சு மலிவு, யாரும் பேசலாம். 1970 டிசம்பர் 7 அன்று மேற்கு ஜெர்மனியின் ஆட்சித்தலைவர் வில்லி பிராண்ட், வார்சாவில் யூதர் எழுச்சி நினைவிடத்தின் முன் ஒரு வார்த்தையும் பேசாமல் முழங்காலிட்டார். அவர் நாஜிகளை எதிர்த்து நாட்டை விட்டே வெளியேறியிருந்தவர். நாஜிகள் யூதர்களைக் கொன்ற குற்றம் தனிப்பட்ட முறையில் அவர் தலையில் இல்லை. அப்போது எடுத்த கருத்துக் கணிப்பில் மேற்கு ஜெர்மானியர்களில் 48 சதவீதம் பேர் அது மிகை என்றார்கள், 41 சதவீதம் பேர் தகும் என்றார்கள். சொந்த நாட்டு மக்களில் ஏறக்குறைய பாதிப்பேரை வருத்தக்கூடிய செயல் அது. கைதட்டல் நிச்சயம் என்று தெரிந்து செய்யும் மன்னிப்போடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் பார்த்த அந்தக் காணொளியிலும் இதைக் கேட்டுப் பார்க்கலாம்: இதைச் சொன்னதால் அவர் எதை இழக்கிறார்? இழக்க எதுவும் மிச்சமில்லாத கட்டத்தில் வந்ததா, அதற்கு முன்பே வந்ததா?

இனி, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதவை. சீக்கிரம் கேட்பதே நல்லது என்று பலரும் ஆலோசனை சொல்வார்கள். 2005-இல் வந்த ஆய்வு ஒன்று எதிர்மாறாகக் காட்டியது: பாதிக்கப்பட்டவர் தன் மனதில் உள்ளதைக் கொட்டி, தான் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள் என்று உணர்ந்த பிறகு வரும் மன்னிப்புதான் அதிகத் திருப்தி தந்தது. என் அனுபவமும் அதற்கு ஒத்துப்போகிறது, ஆனால் என்னிடம் வருபவை இரண்டு பேருக்கு இடையிலான சண்டைகள். லட்சம் பேர் பார்க்கும் விவகாரத்தில் தாமதம் என்பது ஒளிவதாகவே படும். அங்கே இந்த விதி எவ்வளவு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல நான் தயாராக இல்லை. திறமைக் குறைவால் வந்த தவறுக்கு மன்னிப்பு நன்றாக வேலை செய்கிறது, நேர்மைக் குறைவால் வந்த தவறுக்கு அவ்வளவாக வேலை செய்வதில்லை என்று 2004-இல் ஒரு சோதனை சொன்னது. ஒருமுறை ஏமாற்றினேன் என்று ஒப்புக்கொள்வது, ஏமாற்றக்கூடியவன் என்பதற்கே சாட்சியாகிவிடுகிறது. இது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனாலும் இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை மாணவர்களுக்குக் கற்பனைச் சம்பவத்தைக் கொடுத்து எதிர்வினையைக் கேட்டவை. உண்மையில் வீடிழந்தவரோ பிள்ளையை இழந்தவரோ அப்படித்தான் உணர்வார் என்று அதிலிருந்து தாவிவிடக் கூடாது. கற்பனைக்கும் அனுபவத்துக்கும் உள்ள இடைவெளியே அளக்கப்பட்டிருக்கிறது: விளையாட்டில் பணம் ஏமாற்றப்பட்டவர்களில் சிலருக்கு நிஜமாகவே மன்னிப்பு வந்தது, சிலரை வந்ததாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். கற்பனை செய்தவர்கள்தான் அந்த மன்னிப்புக்கு அதிக மதிப்புக் கொடுத்தார்கள். வருடக்கணக்காகக் காத்திருந்து ஒருநாள் மன்னிப்பு கிடைத்தவர்கள் "இவ்வளவுதானா?" என்று என்னெதிரில் திகைத்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தத் திகைப்பு நன்றிகெட்டதனம் கிடையாது.

மன்னிப்பின் கூறுகளைத் தனித்தனியாகப் பிரித்து எது முக்கியம் என்று 2016-இல் ஓர் ஆய்வு 755 பேரிடம் சோதித்தது. பொறுப்பை ஏற்பது முதலிடம் பிடித்தது, சரிசெய்ய முன்வருவது அதற்கடுத்து. "என்னை மன்னித்துவிடுங்கள்" என்று வேண்டுவது கடைசி இடத்துக்குப் போனது. இதைப் படித்த அன்று நான் நம் மொழியைப் பற்றி வெகுநேரம் யோசித்தேன். இந்தச் செயல் முழுவதற்கும் நாம் வைத்திருக்கும் பெயரே 'மன்னிப்பு கேட்பது'. அதாவது, அந்தக் கடைசி இடத்துக் கூறுதான் நமக்குத் தலைப்பு. அதனாலோ என்னவோ, கேட்டவுடன் கொடுத்துவிட வேண்டும், கொடுக்காதவர் பிடிவாதக்காரர் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. "அதான் கேட்டாச்சே" என்ற வாக்கியம் அங்கிருந்துதான் வருகிறது. தவறை ஒப்புக்கொள்வது செய்தவரின் கடன். மன்னிப்பதோ அடிபட்டவரின் விருப்பம். ஒன்றைச் செலுத்திவிட்டு மற்றதை ரசீது போலக் கேட்கக் கூடாது.

உங்கள் எழுதாத கேள்விக்கு இது வழி காட்டுகிறது என்று நினைக்கிறேன். 2007-இல் வந்த ஓர் ஆய்வு, வற்புறுத்தலால் வந்த மன்னிப்பைப் பாதிக்கப்பட்டவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், வேடிக்கை பார்ப்பவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒப்பிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் தானாக வந்த மன்னிப்பையும் தள்ளிவிட்டதால் வந்த மன்னிப்பையும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஏற்றார்கள். பார்வையாளர்கள்தான் பிரித்துப் பார்த்து, வற்புறுத்தலால் வந்ததைத் தள்ளினார்கள். முதலில் இதை என்னால் நம்ப முடியவில்லை. பிறகு ஒரு பணியிடப் பிணக்கு நினைவுக்கு வந்தது. மேலதிகாரி ஒருவர் தன் கீழ் வேலை செய்த பெண்ணை எல்லார் முன்னிலையிலும் கேவலமாகப் பேசிவிட்டு, தனியறையில் கண்கலங்க மன்னிப்பு கேட்டார். அந்தக் கண்ணீர் உண்மையானது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அந்தப் பெண்ணோ ஏற்கவில்லை. "சார், அவர் மனசுக்குள்ள என்ன இருக்குங்கிறது எனக்குத் தேவையில்லை. எல்லார் முன்னாடியும் சொன்னது தப்புன்னு எல்லார் முன்னாடியும் சொல்லட்டும்" என்றார். நிர்வாகம் கட்டாயப்படுத்தியதால் அடுத்த வாரம் அந்த மேலதிகாரி இறுகிய முகத்தோடு நான்கு வரி வாசித்தார். அறையில் இருந்த எனக்கு அது உயிரற்றதாகப் பட்டது. அந்தப் பெண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது. உண்மையா பொய்யா என்பது என் கேள்வியாக இருந்திருக்கிறது. அவருடைய கேள்வி, நடந்தது தவறு என்று ஊரறியப் பதிவாகுமா என்பது. பொதுவெளி மன்னிப்பின் உபயோகம் பல நேரம் அந்தப் பதிவில் இருக்கிறது, உணர்ச்சியில் அல்ல.

அதனால், நீங்கள் அந்தக் காணொளியை நம்பாமல் இருப்பதில் எந்தத் தப்பும் இல்லை. அந்தப் பேச்சால் அடிபட்டவர் நீங்கள் இல்லை என்றால், மன்னிப்பதும் மறுப்பதும் உங்கள் கையில் இல்லை, கூட இருப்பவர்கள் கையிலும் இல்லை. அவரைப் பற்றி முடிவுக்கு வராமலே இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அடிபட்டவர் "எனக்கு இது போதும்" என்று சொன்னால், போதாது என்று அவருக்காக நாம் சண்டை பிடிக்க வேண்டாம். "போதாது" என்று சொன்னால், போதும் என்று அவரை நெருக்கவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2008-இல் நாடாளுமன்றம் மன்னிப்பு கேட்டபோது இழப்பீடு தரப்படவில்லை. 2021-இல்தான் மத்திய அரசு தன் நேரடி ஆட்சிப் பகுதிகளில் பறிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 75,000 ஆஸ்திரேலிய டாலர் தரும் திட்டத்தை அறிவித்தது. அந்தத் திட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. விரும்புகிறவர் ஒரு மூத்த அதிகாரியின் எதிரில் உட்கார்ந்து தன் கதையை முழுவதும் சொல்லலாம். அதிகாரி அதைக் கேட்டு, அவரிடமே மன்னிப்பு கேட்பார். நாடே பார்க்க ஒருமுறை மன்னிப்பு கேட்கப்பட்டு 13 ஆண்டுகள் ஆன பிறகும், தனக்கென்று ஒருவர் எதிரில் வந்து உட்கார வேண்டும் என்ற தேவை அவர்களுக்கு மிச்சமிருந்தது.